ஹெட்லைட் கண்ணடிக்கும் அண்ணன்

சானமாவில் தரை அதிர்ந்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான். யானை வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்திருக்க வேண்டும்.

யானைக்காவது ஒரு பருவம் உண்டு. கேழ்வரகு முற்றுகிற மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்கி வரும். சானமாவு காட்டில் முகாம் போடும். ராத்திரி வயலில் சாப்பாடு, பகலில் காட்டில் தூக்கம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் பட்டாசு வெடித்து விரட்டினால் முனகிக்கொண்டே திரும்பிப் போகும். அண்ணனுக்குப் பருவம் கிடையாது. பட்டாசுக்கும் அசைய மாட்டார். அவர் காருக்குள் இருக்கும்போது பக்கத்தில் பட்டாசு வெடித்தால் அவருக்குக் கேட்கவே போவதில்லை.

யானைக்கும் அண்ணனுக்கும் இன்னொரு சொந்தமும் இருக்கிறது. 1984இல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், போர்ட்லாண்ட் நகரத்து விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, காதில் ஒன்றும் விழாமல் காற்று மட்டும் துடிப்பதை உணர்ந்தார். பிறகு பதிவு செய்து பார்த்ததில், ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்வது தெரியவந்தது. நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில் கடையைத் திறக்கிறது. அண்ணன் காரில் வைத்திருக்கும் சப்வூஃபர் 30, 40 ஹெர்ட்ஸில் உறுமுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் யானை, இந்தப் பக்கம் அண்ணன். யானைக்கு ஆல்டர்னேட்டர் தேவையில்லை, காலையில் தள்ளி ஸ்டார்ட் பண்ண நாலு பேரும் தேவையில்லை என்பதுதான் வித்தியாசம்.

அண்ணன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று வாரம் மாறும். கார் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, சின்ன கார், கே.ஏ. நம்பர். என்.ஓ.சி. வாங்கி டி.என். 70க்கு மாற்ற வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அது ஆகவில்லை. அதற்குள் டிக்கியில் 12 இன்ச் ஊஃபர் இரண்டு, பாக்ஸ் ஒன்று, ஆம்ப் ஒன்று ஆகிவிட்டன. ஊரில் யாருக்காவது மூட்டை ஏற்ற வேண்டுமென்றால் அண்ணன் காரைக் கேட்பதில்லை. அந்த டிக்கியில் பாட்டைத் தவிர எதையும் ஏற்ற முடியாது.

ஸ்டெப்னி எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். அது டிக்கியின் தரைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் பாக்ஸ், பாக்ஸைப் பிடித்து நாலு போல்ட். ராயக்கோட்டை ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்குப் பஞ்சர் ஆனால், இருபுறமும் காடு, 'யானைகள் கடக்கும் பகுதி' என்று போர்டு, நடுவில் அண்ணன் செல்போன் வெளிச்சத்தில் ஊஃபர் பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பார். அப்போதும் பாட்டை நிறுத்த மாட்டார். சத்தம் கேட்டால் யானை வராது என்பது அவர் கட்சி. சொந்தக்காரர் கூப்பிடுகிறார் என்று நினைத்து வந்துவிடுமோ என்பது என் பயம்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. எட்டு மணி நேரம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றவருக்கு, தன் கையால் கூட்டவும் குறைக்கவும் முடிகிற சத்தம் ஒன்று தேவைப்படுவதில் நியாயம் இருக்கிறது. குறைப்பதில்லை என்பதுதான் ஊர்க்காரர்களின் ஒரே புகார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டிருக்கின்றன. மத்தியானம் இரண்டு மணி எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு நள்ளிரவு என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி காருக்கு வந்த வியாதிக்கு வருவோம்.

முதல் அறிகுறி ஹெட்லைட். ஒவ்வொரு 'தும்'முக்கும் வெளிச்சம் ஒரு இறங்கு இறங்கி ஏறும். எதிரே வருகிற லாரிக்காரர்கள் தங்களைப் பார்த்து யாரோ கண்ணடிக்கிறார்கள் என்று நினைத்து பதிலுக்கு டிம் அடித்துவிட்டுப் போவார்கள். அண்ணனுக்கு முதலில் இது பெருமையாகத்தான் இருந்தது. "பீட்டுக்கு லைட்டு ஆடுது பாத்தியாடா, தனியா செட்டப்பு எதுவும் போடல" என்று தம்பிமார்களிடம் காட்டினார். இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் விழுந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் வரை விழும். அண்ணன் பார்த்த நடனம் அந்தக் கணக்கு.

இரண்டாவது அறிகுறி, பாட்டின் உச்சத்தில் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுபோவது. இதற்கு 'புரொடெக்ட்' என்று பெயர். உள்ளே வருகிற வோல்டேஜ் அளவுக்குக் கீழே போனாலோ, ஊஃபர் கனெக்ஷனில் ஓம்ஸ் குறைந்தாலோ, சூடு ஏறினாலோ ஆம்ப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளக் கடையைச் சாத்திவிடும். மூன்றாவது அறிகுறி ஏ ஷிஃப்டுக்குக் கிளம்பும் விடியற்காலையில் தெரியும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருவே எழுந்து வந்து தள்ளும். முந்தின நாள் அந்த பேஸில் தூக்கம் கெட்டவர்கள்தான் தள்ளுகிறவர்கள். அவர்கள் தள்ளுகிற வேகத்தில் கோபமும் கொஞ்சம் சேர்ந்திருப்பதால் கார் சீக்கிரமே ஸ்டார்ட் ஆகிவிடும்.

இந்த மூன்றுக்கும் அண்ணன் வைத்தியம் தேடும் முறையே தனி. அளந்து பார்க்க மாட்டார். கேட்டுப் பார்ப்பார். அத்திப்பள்ளியில் ஒரு கடைக்காரர் கன்னடத்தில், "ஹொஸ பேட்டரி ஹாக்பிடி, எல்லா சரி ஹோகுத்தே" என்றார். பேட்டரி மாறியது. சூளகிரியில் ஒரு நண்பர் தெலுங்கில், "கெபாசிட்டர் பெடிதே சாலு" என்றார். கெபாசிட்டர் வந்தது. தமிழில் ஒருவர் யூடியூபில் சொன்னார், ஆம்ப் சின்னது என்று. பெங்களூர் ஜே.சி. ரோடுக்குப் போய்ப் பெரிய ஆம்ப் வாங்கி வந்தார். மூன்று மொழியிலும் செலவு தெளிவாகப் புரிந்தது. ஹெட்லைட் மட்டும் எந்த மொழிக்கும் கட்டுப்படாமல் கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

ஜே.சி. ரோட்டில் வாங்கிய ஆம்பின் மேல் '3000 வாட்ஸ்' என்று வெள்ளி எழுத்தில் எழுதியிருக்கிறது. அண்ணன் அதை அடிக்கடி துடைப்பார். பக்கவாட்டில் இரண்டு ஃபியூஸ் சொருகியிருப்பதைத் துடைப்பதில்லை. உண்மை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் 30 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 60. ஓடுகிற காரில் பதிமூன்றரை வோல்ட் என்று வைத்தால், உள்ளே போகக்கூடியதே 810 வாட். கிளாஸ் டி ஆம்ப் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு, மிஞ்சினால் ஐந்தில் நாலு பங்கை ஊஃபருக்குக் கொடுக்கும். 600 சொச்சம். மீதி 2400 வாட் பிரிண்டிங் பிரஸ்ஸில் தயாரானது.

600 வாட்டும் சின்ன விஷயமில்லை என்பதை அண்ணனின் ஆல்டர்னேட்டரைக் கேட்டால் சொல்லும். இந்த மாதிரிச் சின்ன கார்களில் அது அறுபது எழுபது ஆம்பியர் சங்கதி. அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது. சிக்னலில் சும்மா நிற்கும்போது பாதி தேறினால் அதிகம். அந்தப் பாதியில் ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து எட்டு ஒன்பது ஆம்பியர் போகும். பெட்ரோல் பம்ப், ஏ.சி. ஃபேன் எல்லாம் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கின்றன. வரிசையின் கடைசியில் அண்ணனின் ஆம்ப் வந்து எல்லாரையும் தள்ளிவிட்டு 60 ஆம்பியர் கேட்கிறது.

பேட்டரி எதற்கு இருக்கிறது என்று அண்ணன் கேட்பார். பேட்டரி விஷயத்தில் எங்கள் பக்கத்தவருக்குக் கொஞ்சம் அதிகப்படியான உரிமை உண்டு. ஓசூரிலேயே எக்ஸைட் பேட்டரி தொழிற்சாலை இருக்கிறது. சொந்தத்தில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்ப்பார், இல்லை பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார். அதனால் எந்த வியாதிக்கும் பேட்டரிதான் மருந்து. இன்ஜின் ஓடும்போது காருக்குப் படி அளப்பது ஆல்டர்னேட்டர், பேட்டரி அப்போது வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் சிரிப்பார். சிஸ்டம் வோல்டேஜ் பன்னிரண்டரை பக்கம் சரிந்த பிறகுதான் பேட்டரி கையை நீட்டும். அதாவது புது பேட்டரியால் ஹெட்லைட்டைக் காப்பாற்ற முடியாது. விழுந்த பிறகு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கலாம்.

கெபாசிட்டர் கதை இதைவிட உருக்கமானது. தெர்மாஸ் பிளாஸ்க் அளவில், நீல விளக்கும் வோல்டேஜ் எண்ணும் மின்ன, ஒரு ஃபேரட். பார்க்க அழகு. 14.4 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்வரை அது கொடுக்கக்கூடிய ஆற்றல் 32 ஜூல். 800 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது 0.04 நொடிக்குக் காணும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு 0.025 நொடி ஆகிறது. ஆக, அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிய பொருள் ஒன்றரை அலைக்கு உழைக்கும். அதன் பிறகு அதுவும் வரிசையில் நின்று தனக்கு சார்ஜ் கேட்கும். ஆனால் நீல விளக்கு என்னவோ ராத்திரி முழுக்க எரிகிறது.

அண்ணனிடம் மல்டிமீட்டர் இல்லையா? இருக்கிறது. கிளவ் பாக்ஸில், கவரோடு. மாதம் ஒரு முறை எடுத்து பேட்டரியில் வைப்பார். இன்ஜின் ஆஃப், பாட்டு ஆஃப், ஹெட்லைட் ஆஃப். 12.6 காட்டும். "பக்கா" என்பார். மறுபடி கவருக்குள் போய்விடும். ஓடாத வண்டியில், பாடாத செட்டில், வோல்டேஜ் குறைய என்ன அவசியம் இருக்கிறது? கரண்டு ஓடினால்தான் தடை இருக்கிற இடத்தில் வோல்டேஜ் தொலையும். தூங்கிக்கொண்டிருக்கிறவரைத் தராசில் நிறுத்தி, இவர் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எழுதிக்கொள்கிற வைத்தியம் இது.

அண்ணன் அளக்காமலே இருப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரு காரணம்தான். அளந்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சரி செய்ய வேண்டியிருக்கும். அதில் புதிதாக வாங்குவதற்கு எதுவும் இல்லாமல் போய்விடும் அபாயம் உண்டு.

அந்த அபாயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. தள்ளுவதற்கு ஆள் கிடைக்காமல் (எல்லாரும் கெலவரப்பள்ளி அணைக்கு மீன் சாப்பிடப் போயிருந்தார்கள்) உத்தனப்பள்ளி பக்கம் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அண்ணன் கூட்டிவர நேர்ந்தது. டிராக்டரும் டெம்போவும் பார்க்கிற மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் எல்லாருக்கும் மேஸ்திரி. டிக்கியைத் திறந்து பார்த்தார். 3000 வாட்ஸ், நீல விளக்கு, சிவப்பு வயர் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல கல்யாணம் எப்போ?" என்றார்.

பிறகு அவர் செய்தது அண்ணனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜம்பர் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, "உனக்குப் பிடிச்ச பாட்டு எதுவோ அதைப் போடு, ஃபுல்லா வை" என்றார். வாழ்நாளில் பெரியவர் ஒருவர் வாயிலிருந்து அண்ணன் கேட்ட முதல் ஃபுல்லா வை அது. அந்தச் சந்தோஷத்தில் என்ன நடக்கிறது என்று கவனிக்கவில்லை. மேஸ்திரி ஒரு நீள வயரை மீட்டரோடு சேர்த்து, ஒரு முனையை பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மறுமுனையை ஆம்பின் ப்ளஸ்ஸிலும் வைத்தார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"வயரு என்ன கேஜ்னு வாங்கின?"

"நாலு கேஜ் மேஸ்திரி. கவர்லயே போட்டிருக்கு."

மேஸ்திரி வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பில் அறுபது சதவீதம்தான். போதாததற்கு, தடிமனில் பாதி ரப்பர். நிஜமான நாலு கேஜ் செம்பு வயர் என்றால் உள்ளே 21 சதுர மில்லிமீட்டர் உலோகம் இருக்க வேண்டும். "நாலு கேஜ் சட்டை போட்ட எட்டு கேஜ்" என்றார் மேஸ்திரி. அண்ணன் அந்தக் கடைக்காரரை ஜே.சி. ரோட்டிலேயே வைத்து என்ன செய்யப்போகிறார் என்று விவரித்தார். மேஸ்திரி காதில் வாங்கவில்லை. காதில் வாங்கவும் முடியாது, பாட்டு ஃபுல்லாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து மைனஸ். பேட்டரி மைனஸில் ஒரு முனை, ஆம்பின் மைனஸில் ஒரு முனை. 1.9 வோல்ட்.

மேஸ்திரி முதன்முறையாக முகம் மலர்ந்தார். டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கினார். ஆம்பின் கறுப்பு வயர் ஒரு தகர ஸ்குரூவில் முறுக்கிவிடப்பட்டிருந்தது. ஸ்குரூவுக்கு அடியில் கம்பெனி பெயின்ட், பெயின்ட்டுக்கு மேல் அண்ணன் போட்ட டேம்பிங் ஷீட்டின் தார். அதற்கெல்லாம் அடியில் எங்கோ கார். பானட்டுக்கு வந்தார். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகிற சின்ன எர்த் வயர் பச்சைப் பூத்து, போல்ட் கையால் திருப்பினாலே சுற்றியது. அங்கே மட்டும் 0.8 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. மீதி 1.1 டிக்கி ஸ்குரூவில்.

"போறதுக்கு ரெண்டு இஞ்சு பைப்பு போட்டிருக்க. வர்றதுக்கு?" என்றார் மேஸ்திரி.

சிவப்பு வயரில் போகிற அத்தனை ஆம்பியரும் கறுப்பு வழியாகத் திரும்பியாக வேண்டும் என்பதை ஆடியோ உலகம் முழுதும் மறந்துவிடுகிறது. சிவப்புக்குப் பணம், கறுப்புக்கு ஒரு ஸ்குரூ. அண்ணனின் ஹெட்லைட்டும் அதே பாடி எர்த்தை நம்பித்தான் எரிகிறது. ஆம்ப் 60 ஆம்பியரை அந்தப் பச்சைப் போல்ட் வழியாகத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் ஹெட்லைட்டின் பங்கிலும் கை வைத்தது. ஆம்புக்கோ, ப்ளஸ்ஸில் தொலைந்தது, மைனஸில் தொலைந்தது, ஆல்டர்னேட்டர் மூச்சு வாங்கியது எல்லாம் கழித்துப் பதினொன்றுக்கும் கீழேதான் போய்ச் சேர்ந்தது. அது புரொடெக்டுக்குப் போனதில் தப்பே இல்லை. அதற்காவது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்திருந்தது.

காலையில் ஸ்டார்ட் ஆகாத மர்மம் இன்னும் பாக்கி. மேஸ்திரி செட்டை அணைக்கச் சொன்னார், சாவியை எடுக்கச் சொன்னார். ஆம்பின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. செட் ஓடும்போது மட்டும் ஆம்பை எழுப்ப வேண்டிய ரிமோட் வயரை, அண்ணன் தாமே பொருத்தியபோது செட்டிலிருந்து அதற்கென்று வரும் நீல வயர் கண்ணில் படாததால், நேராக பேட்டரி கரண்டில் கொடுத்திருந்தார். அண்ணன் தூங்கினாலும் ஆம்ப் தூங்கவில்லை. கெபாசிட்டரின் நீல விளக்கும் துணைக்கு விழித்திருந்தது. ஓசூர் பேட்டரி ஒவ்வொரு ராத்திரியும் இந்த இரண்டு பேருக்கும் காவல் இருந்து காலையில் களைத்துப் படுத்தது.

வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உப்புத்தாள் வைத்து வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்தார். லக் அடித்து, போல்ட் நட்டு போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பானட்டில் எர்த் வயரை மாற்றினார். லாரிக்குப் போடுகிற தடித்த வயர் ஒரு துண்டு பையில் இருந்தது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலும் ஒன்று போட்டார். ரிமோட் வயரை உரிய இடத்தில் சேர்த்தார். "சிவப்பு வயரையும் நல்ல செம்பா மாத்திடு. பேட்டரிகிட்டயே ஒரு ஃபியூஸ் வை. அது இல்லாம ஓட்டறது யானைக்கு முன்னாடி செல்ஃபி எடுக்கற மாதிரி."

மறுபடி பாட்டு, மறுபடி மீட்டர். மைனஸ் பக்கம் 0.15. ஹெட்லைட் நின்று எரிந்தது. சிக்னலில் நிற்கும் வேகத்தில் மட்டும் கொஞ்சம் கண் சிமிட்டியது. "அது ஆல்டர்னேட்டரோட வயசு. ஒண்ணும் பண்ண முடியாது. நின்னா சவுண்டைக் குறை" என்றார் மேஸ்திரி. அண்ணன் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் அண்ணன் வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. பேஸ் முன்பைவிடக் கனமாகக் கேட்கிறது, எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள் சாட்சி. தள்ளுகிற வேலையும் போய்விட்டதால் தெருவில் யாருக்கும் கோபத்தைக் காட்ட வழியில்லை. சிப்காட் நண்பர்கள் எப்படிச் சரியாயிற்று என்று கேட்டால் அண்ணன் ஆம்பைத் தட்டிக் காட்டுகிறார். "ஜே.சி. ரோடு சரக்கு. செட்டாக டைம் எடுக்கும். பேட்டரி வேற நம்மூர் பேட்டரி. போதாததுக்கு ஒரு ஃபேரட் கெபாசிட்டர்." கேட்டவர்களில் இரண்டு பேர் கெபாசிட்டர் வாங்கிவிட்டார்கள். எர்த் பற்றிப் பேச்சே எழவில்லை.

அன்று மேஸ்திரி கை துடைத்துக்கொண்டு வயருக்கும் லக்குக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் கேட்டார். பேட்டரிக்கும் ஆம்புக்கும் கெபாசிட்டருக்கும் ஒரு பைசா பேரம் பேசாத அண்ணன், டிக்கியையும் உப்புத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தேய்ச்சதுக்கு முந்நூறா மேஸ்திரி?"

"தேய்ச்சது அம்பது. எங்க தேய்க்கணும்னு பார்த்தது இருநூத்தம்பது."

"இருநூறா வெச்சுக்கங்க. அடுத்த மாசம் இன்னொரு ஆம்ப் வருது, அப்பவும் உங்களைத்தான் கூப்பிடுவேன்."

மேஸ்திரி இருநூறை வாங்கிக்கொண்டார். அடுத்த மாசம் வீட்டில் இருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.